சாரம் கட்டிய தூதன்

என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே சட்டப்புத்தகம் பாண் சுற்றி வந்த ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பலில், ரூ பஜோலுக்குப் பக்கத்துத் தெருவொன்றில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடம். அதன் ஆறாம் மாடியில், கூரைக்கு நேர் கீழே, ஒட்டியபடி இருந்த இரண்டு சின்ன அறைகளில் நாங்கள் ஐந்து பேர். ஐவரில் பிரெஞ்சு கொஞ்சமாவது தெரிந்தவன் நான்தான். அதனால் என்னை நானே தலைவனாக்கிக்கொண்டேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. ஒருவருக்கும் அந்த வேலை தேவைப்படவில்லை.

படியேறும்போது சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும். இரண்டு பேருக்கு மேல் ஒன்றாக வெளிக்கிடக் கூடாது. மிளகாய் வறுக்கக் கூடாது, எதையும் எண்ணெயில் பொரிக்கக் கூடாது. எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் மூன்று என்று சொல்ல வேண்டும். இடுப்பில் சுற்றிய சாரத்தோடு அறைக் கதவைத் தாண்டக் கூடாது. கக்கூசு படிக்கட்டு முகப்பில் இருந்தபடியால் இந்தக் கடைசிச் சட்டம் கொஞ்சம் கொடுமையானது. அவசரத்தில் காற்சட்டை தேடி ஓடிய மனிதர்களின் சாபம் இன்றைக்கும் என்னைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். எல்லாவற்றையும் எழுதி, அடியில் கையெழுத்தும் வைத்து, கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தேன்.

இவ்வளவுக்கும் காரணம், கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் குத்தியிருந்த இன்னொரு கடதாசி. முதலாம் மாடி மிசியூ தன் கைப்பட எழுதியது. ஆறாம் மாடியில் எத்தனை பேரென்றே தெரியாத ஆட்கள் இருக்கிறார்கள், படியெல்லாம் பொரியல் மணம், ஆண்கள் பாவாடை கட்டிக்கொண்டு படிக்கட்டில் நிற்கிறார்கள், ஆகவே இவர்களை இங்கிருந்து எழுப்ப வேண்டும் என்று, வீட்டுக்காரருக்காகக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெரோனுக்கு ஒரு விண்ணப்பம். கீழே பதினொரு கையெழுத்து. வருகிற செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஜெரோன் நேரில் வந்து அறைகளைப் பார்ப்பார் என்று ஒரு குறிப்பு.

நான் அதை ஒரு காலையில் கிழித்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். பின்னேரமே புதிய கடதாசி வந்துவிட்டது. இந்தமுறை பன்னிரண்டு கையெழுத்து. ‘முந்தைய கடதாசியைக் கிழித்தும் விட்டார்கள்’ என்று ஒரு வரியும் கூடியிருந்தது. எதிர்த் தரப்புக்கு ஒரு ஆளைச் சேர்த்துக் கொடுத்த தலைவன் நான்.

அறை போனால் இன்னொரு அறை தேடலாம் என்று நினைக்காதீர்கள். அறை போனால் விலாசம் போகும். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை இந்த நாட்டில் நிற்கலாம் என்று பிரெபெக்தூர் என்ற அரச அலுவலகத்தில் ஒரு மடித்த கடதாசி தருவார்கள். ரெசெப்பிசே. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் போய்ப் புதுப்பிக்க வேண்டும். விலாசம் இல்லாதவனுக்கு அதைப் புதுப்பிக்க மாட்டார்கள். ஐந்து பேரும் அந்த இரண்டு அறைகளின் விலாசத்தில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

தொங்கினோமே தவிர, தபால் பெட்டியில் எங்கள் பெயர் இல்லை. வெறும் ‘6’ என்ற இலக்கம்தான். வாசிக்க முடியாத நீளப் பெயரோடு வருகிற கடிதமெல்லாம் ஆறாம் மாடிக்குத்தான் என்று தபால்காரர் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். இதுவும் என் தந்திரம் என்றுதான் மற்றவர்களுக்குச் சொல்லியிருந்தேன். உண்மை வேறு. கொழும்பில் ஒரு ஆடி மாதம் எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர்கள் கையில் பட்டியல் வைத்திருந்தார்கள். எந்த வீட்டில் எந்தப் பெயர் என்று அதில் இருந்தது. அதற்குப் பிறகு என் பெயரை எந்தக் கதவிலும் எழுதி ஒட்ட எனக்குக் கை வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. மார்ச் மாதக் குளிர். ஐவரில் இரண்டு பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிற வேலையில் அன்றைக்கு லீவு. எங்களில் மூத்தவர், எங்களுக்குச் சமைக்கிற குசினி அண்ணை. அவருக்கு இரவில்தான் வேலை. இன்னொருவன் மன்னார்க்காரன், கத்தோலிக்கன், வேலை தேடிக்கொண்டிருந்தான். காலை பத்து மணியிருக்கும். அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சாரத்தோடு கட்டிலில் இருந்து, ஜெரோனுக்குச் சொல்லப்போகும் பொய்களைப் பிரெஞ்சில் பாடமாக்கிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று எங்கள் தரை அதிர்ந்தது. தடார், தடார், தடார். கீழேயிருந்து இடிக்கிறார்கள். கூடவே இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம், கூக்குரல், காலால் உதைக்கிற சத்தம். பிறகு ஒரு நிமிசம் அமைதி. அந்த அமைதிதான் என்னை முடித்தது. மறுபடி தடார்.

பொலிஸ். கதவை உடைக்கிறார்கள். மாடி மாடியாக வருகிறார்கள்.

இப்படி நடந்தால் என்ன செய்வது என்று நான் ஏற்கெனவே திட்டம் போட்டு, இரண்டுமுறை ஒத்திகையும் பார்த்திருந்தேன். எங்கள் யன்னலுக்கு வெளியே நாகத்தகட்டுக் கூரையின் ஓரத்தில் மழைத்தண்ணி ஓடுகிற தவாளிப்பீலி. அதற்கு ஒரு ஆள் உயரம் கீழே ஐந்தாம் மாடியின் ஒடுங்கிய பல்கனி. முதலில் வயதில் மூத்தவர் இறங்க வேண்டும், பிறகு மற்றவர்கள், தலைவன் கடைசி. திட்டம் அப்படித்தான் இருந்தது. நடந்தது என்னவென்றால், ரெசெப்பிசே இருந்த பிளாஸ்டிக் பையைப் பல்லால் கவ்விக்கொண்டு, வெங்காயத் தட்டத்தையும் அண்ணையையும் ஒரே பாய்ச்சலில் தாண்டி, யன்னலால் முதலில் இறங்கியவன் நான்தான்.

“எங்கையடா போறாய்?” என்று அண்ணை கத்தியது கேட்டது. பல்லில் பை. பதில் சொல்ல முடியவில்லை.

பீலியில் தொங்கி, சாரம் காற்றில் குடையாக விரிய, பல்கனியில் போய் விழுந்தேன். எழும்பிப் பார்த்தால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வயதான மூன்று பெண்களும் ஒரு தாடிக்காரரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாடிக்காரர் கையில் ஒரு தோற்சுருள். ஒரு பெண்ணின் கையில் சட்டியும் அகப்பையும். இன்னொருத்தி இரண்டு மூடிகளைத் தாளம்போல் பிடித்தபடி நின்றாள். வீட்டுக்காரி, ஐந்தாம் மாடி மதாம், வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தலைகீழாகப் பிடித்துச் சீலிங்கில் இடிப்பதற்கு ஓங்கியிருந்தா. அந்தச் சீலிங்தான் எங்கள் தரை.

மதாம் தூனிஸில் பிறந்த யூதப் பெண்மணி. புருசன் இல்லை. முழங்கால் வருத்தத்தால் படியிறங்குவதில்லை. அண்ணை ஒருக்கால் அவவின் காஸ் சிலிண்டரை ஐந்து மாடி தூக்கிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பழக்கம்தான். அவ பேசியது பிரெஞ்சு. எனக்கு விளங்கியது அரைவாசி. மிச்ச அரைவாசியை யாழ்ப்பாணத் தமிழில் நானே நிரப்பிக்கொள்வேன். இங்கே எழுதுவதும் அப்படித்தான்.

அவ கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தா. பல்லில் பை, காலில் செருப்பில்லை, குளிரில் நடுங்குகிற சாரம்.

“இந்த வருசத்து வேசத்தில இதுதான் முதலாம் பரிசு” என்றா. “உள்ளுக்கு வா, மகனே. அடுத்தமுறை கதவால வா.”

மூன்று கிழவிகளும் சிரித்த சிரிப்பில் தாடிக்காரர் சுருளில் வாசித்து விட்ட இடத்தைத் தொலைத்துவிட்டார்.

அன்றைக்கு பூரிம். யூதர்கள் வேசம் கட்டிக் கூத்தடிக்கிற பெருநாள். படியிறங்க முடியாத இந்தப் பெண்களுக்காக அந்த மனிதர் சுருளோடு வீடு தேடி வந்திருந்தார். சுருளுக்கு மெகில்லா என்று பெயர். முதல்நாள் இரவு ஒருதரம், அடுத்தநாள் பகலில் ஒருதரம், முழுக் கதையையும் எபிரேயத்தில் வாசிக்க வேண்டும். ஒரு மந்திரி, தனக்கு முன்னால் முழந்தாளிட மறுத்த ஒருவனுக்காக அவனுடைய சனம் முழுவதையும் அழிக்க நாள் குறிக்கிறான். நாளைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுக் குலுக்குகிறான். அந்தச் சீட்டுக்குப் பூர் என்று பெயர். பெருநாளின் பெயரே அதில் இருந்துதான் வந்தது. ராசாவின் முத்திரை குத்திய கடிதம் நாடு முழுவதும் போகிறது. அரசி அதே சனத்துப் பெண், ஆனால் ராசாவுக்கு அது தெரியாது. கடைசியில் அவள் துணிந்து அதைச் சொல்லிவிட, சனம் தப்புகிறது, மந்திரிதான் தூக்கில் தொங்குகிறான்.

“கொன்றுபோட நினைச்சவன் குலுக்கின சீட்டின்ரை பெயரையா பெருநாளுக்கு வைச்சிருக்கிறீங்கள்?” என்றேன்.

“பிறகென்ன? அவன்ரை சீட்டு இப்ப எங்கடை” என்றா மதாம்.

வாசிக்கும்போது அந்த மந்திரியின் பெயர் வரும் இடமெல்லாம் பெயர் காதில் விழாதபடி சத்தம் போட வேண்டும். அதற்கென்றே கையில் சுழற்றுகிற ஒரு கிலுகிலுப்பை இருக்கிறது, ராஷான். மதாமின் ராஷான் பழுதாகியிருந்தது. அதனால்தான் தும்புத்தடி. அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. வாசிக்கிற உங்கள் கையில் சட்டிமூடி இருக்கிறதோ, யார் கண்டது.

என்னைக் கதிரையில் இருத்தி ஒரு மூடியும் கரண்டியும் தந்தார்கள். வாசிப்பு தொடர்ந்தது. பெயர் வந்தது. நான் டிக், டிக் என்று தட்டினேன். ஆறாம் மாடிச் சட்டப்படி வாழ்ந்தவன் அப்படித்தான் தட்டுவான்.

“அது தாலாட்டு” என்றா மதாம். “அவனை நித்திரையாக்கப் போறியா?”

அடுத்தமுறை பெயர் வந்தபோது அடித்தேன். அதற்கடுத்தமுறை மூடி நெளிந்தது. எந்தப் பெயரை நினைத்து அடித்தேன் என்று கேட்காதீர்கள். ஒரு ஒழுங்கையில் பட்டியலோடு நின்ற ஒருத்தன் இருந்தான். அவனுடைய பெயர் எனக்குத் தெரியாது. தெரியாத பெயரை அழிப்பதற்கு இன்னும் கூடச் சத்தம் தேவைப்பட்டது. மேலேயிருந்து அண்ணை எங்கள் தரையைக் காலால் உதைத்து, “கீழ என்ன நடக்குது?” என்று கத்தினார். மதாம் தும்புத்தடியால் பதில் சொன்னா.

சுருளைச் சுற்றிவிட்டு எல்லோரும் ஒருவருக்கொருவர் “ஹாக் சமேயாஹ்” என்றார்கள். சந்தோசமான பெருநாள் என்று பொருள். கடைசி எழுத்தைச் சொல்ல, தொண்டையில் சிக்கிய மீன்முள்ளை வெளியே எடுக்கிற மாதிரி ஒரு முயற்சி வேண்டும். நான் சொன்னபோது ஒரு கிழவி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தா.

அப்போதுதான் எனக்கு நாலு மணி ஞாபகம் வந்தது. மதாமிடம் கீழே குத்தியிருக்கிற கடதாசியைப் பற்றிச் சொன்னேன்.

“தெரியும். முதலாம் மாடிக்காரர் என்னட்டையும் கொண்டு வந்தவர். என்ரை பேனையில மை இல்லையெண்டு சொன்னனான். மூண்டுதரம் வந்தவர், மூண்டுதரமும் மையில்லை.”

“நான் அதை ஒருக்கால் கிழிச்சனான் மதாம்.”

“அதுதான் நீ விட்ட பிழை. கதையைக் கேக்கேல்லையா நீ? ராசா முத்திரை குத்தின கடிதத்தை ராசாவாலையே கிழிக்க ஏலாது. அப்ப அரசி என்ன செய்தவ? சனம் தங்களைக் காப்பாத்திக்கொள்ளலாம் எண்டு இரண்டாவது கடிதம் எழுதுவிச்சவ. முதல் கடிதம் போன எல்லா இடத்துக்கும் இரண்டாவதும் போனது.”

மேசையில் ஒரு கொப்பித் தாள் தயாராக இருந்தது. ஆறாம் மாடிக்காரர் எங்கள் அயலவர்கள், எனக்குக் காஸ் தூக்கித் தருபவர்கள், அவர்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்று அவவின் நடுங்கும் எழுத்தில் எழுதி, முதலாவதாகக் கையெழுத்தும் வைத்திருந்தா. பேனையில் மை இருந்திருக்கிறது.

தாளுக்குப் பக்கத்தில் பதின்மூன்று தட்டுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், பூப்போட்டது, நீலக்கரை, விளிம்பு உடைந்தது. ஒவ்வொன்றிலும் பேரீச்சம்பழம், பாதாம், தேனில் ஊறிய முறுகலான சுருள் பலகாரம். பலகாரத்துக்கு ஓஸ்னாயிம் என்று பெயர். காதுகள். அந்த மந்திரியின் காதுகள்.

“ஆக்கினை செய்தவன்ரை காதைப் பொரிச்சுத் தேனில தோய்ச்சுச் சாப்பிடுறியளோ!” என்றேன். எனக்கு இந்தப் பெருநாள் பிடிக்கத் தொடங்கிவிட்டது.

பூரிமன்று அயலுக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டும். குறைந்தது இரண்டு வகை, உடனே சாப்பிடக்கூடியது, பொழுது படுவதற்கு முன். அதற்கு மிஷ்லோவாஹ் மனோத் என்று பெயர். தானே கொண்டுபோகாமல் ஒரு தூதன் கையில் கொடுத்து அனுப்புவது விசேசம். தூதனுக்கு ஷலீயாஹ். வழக்கமாகச் சிநேகிதியின் மகள்தான் ஷலீயாஹ், அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல்.

“ஒரு தட்டு உங்களுக்கு. மிச்சப் பன்னிரண்டும் கடதாசியில கையெழுத்து வைச்ச பன்னிரண்டு வீட்டுக்கும். நீதான் ஷலீயாஹ்.”

எங்களை எழுப்பச் சொன்ன பன்னிரண்டு பேரின் கதவையும் நான் போய்த் தட்ட வேண்டும். பன்னிரண்டு மாதமாக அந்தக் கதவுகளைத் தாண்டும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு ஏறியவன்.

“மதாம், அவை உங்கடை ஆக்கள் இல்லையே. அவைக்கேன் பெருநாள் பலகாரம்?”

“உனக்கு இண்டைக்குக் கேள்வி கேக்க நேரமிருக்கோ?”

“ஒருக்கால் மேல போய்க் காற்சட்டை போட்டுக்கொண்டு வாறன்” என்றேன். அப்படியே மேலே போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் இருந்தது.

ஆறாம் மாடிக்கான தட்டைக் கையில் தந்து அனுப்பினா. இந்தமுறை கதவால் போனேன். மேலே அண்ணையும் மன்னார்க்காரனும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

“தலைவர் வாறார், எழும்பி நில்லடா” என்றார் அண்ணை. “யன்னலால போனவர் கதவால வாறார். என்ன, அங்கை பொலிசுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தியோ?”

நடந்ததைச் சொன்னேன். மன்னார்க்காரன், “ஓம் அண்ணை, உந்தக் கதை எனக்குத் தெரியும். கோயில்ல பாதர் சொன்னவர். ஆனா சட்டியடிக்கிறதைப் பற்றி அவர் மூச்சும் விடேல்லை” என்று குறைப்பட்டான்.

நான் காற்சட்டையை எடுத்து ஒரு காலை விட்டேன். அண்ணை வெங்காயத்தைக் கூட்டிக்கொண்டே கேட்டார்: “பல்கனியில சாரத்தோட குதிச்ச ஆள், படியில சாரத்தோட இறங்கினால் என்ன குறைஞ்சு போகும்?”

“கடதாசியில எழுதிக் கிடக்கெல்லோ, பாவாடை எண்டு.”

“எந்தக் கடதாசியில? கீழ இருக்கிறதிலயோ, இதிலயோ?” கத்தியால் கதவைக் காட்டினார். பாண் கடதாசியில் என் கையெழுத்தோடு என் சட்டங்கள்.

கிட்டப்போய் வாசித்தேன். முதலாம் மாடி மிசியூ எழுதியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதே குற்றச்சாட்டுகள், அதே ஒழுங்கில். அவர் பிரெஞ்சில் எழுதியதை நான் தமிழில் எழுதியிருந்தேன், அவ்வளவுதான். அவருக்காவது இன்னும் பதினொரு பேரின் கையெழுத்துத் தேவைப்பட்டது. எனக்கு நான் ஒருவனே போதுமாயிருந்தது.

கீழே இருந்ததைக் கிழித்தது பிழை. இதைக் கிழிக்க ராசாவின் அனுமதி தேவையில்லை. கிழித்தேன். காற்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாரத்தை இறுக்கிக் கட்டினேன். சப்பாத்தைப் போட்டேன். படியில் சத்தம் கேட்கட்டும் என்று குதியால் மிதித்து இறங்கினேன். வீரம் என்று நினைக்காதீர்கள். கால் நடுங்கியது. மிதித்து நடந்தால் நடுக்கம் வெளியே தெரியாது.

நாலாம் மாடியில் போர்த்துக்கல்காரி. கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள், தாளை வாசித்தாள். “முதலாவதில என்ரை புருசன்தான் வைச்சவர், எனக்குத் தெரியாது” என்று சொல்லிப் பெரிதாகக் கையெழுத்து வைத்தாள். மூன்றாம் மாடியில் நாய் வைத்திருக்கிற மதாம், பலகாரத்துக்குச் செய்முறை கேட்டா. காது என்று சொன்னதும் நாயைத் தூக்கி அணைத்துக்கொண்டா, பிறகு சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தா. அதே மாடியில் ஒருவர் கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, தட்டைப் பறித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். இரண்டாம் மாடியில் ஒரு சோடி, அயலோடு எப்போதும் ஒத்துப்போகிறவர்களாம். எழுப்பச் சொன்ன தாளிலும் கையெழுத்து, இருக்கச் சொன்ன தாளிலும் கையெழுத்து. “எங்களுக்கு ஒருத்தரோடயும் பிரச்சினை இல்லை” என்றார்கள்.

ஆளில்லாத வீடுகளுக்கு இரண்டாம் மூன்றாம் தரமும் ஏறி இறங்கியதில் பின்னேரமாகிவிட்டது. கடைசியாக முதலாம் மாடி. மணியை அடித்தேன். அடித்த விரல் மணியிலேயே ஒட்டிக்கொண்டது. தட்டிலிருந்த பாதாம் பருப்பெல்லாம் கிலுகிலுவென்று ஆடியது. மதாமின் பழுதான ராஷானுக்குப் பதிலாக என்னையே வாடகைக்கு விட்டிருக்கலாம்.

மிசியூ கதவைத் திறந்தார். வெள்ளை மீசை, கம்பளி மேற்சட்டை. பார்வை நேரே சாரத்தில் விழுந்தது.

“இது என்ன, கார்னவால் உடுப்பா?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் அதைவிட நல்ல சாட்டு கிடையாது. மதாமே எனக்கு முதலாம் பரிசு தந்திருக்கிறா.

“இல்லை மிசியூ. இது நான் வீட்டில போடுற உடுப்பு” என்றேன். “இதுவும் என்ரை வீடுதான்.”

இரண்டாவது வசனத்தை நான் பாடமாக்கியிருக்கவில்லை. எங்கிருந்து வந்ததென்று தெரியாது. சொன்ன கையோடு ஓடுவதற்குப் படியைப் பார்த்தேன்.

அவர் தட்டைப் பார்த்தார். “யார் அனுப்பியது?”

“ஐந்தாம் மாடி மதாம். இண்டைக்கு அவவின்ரை பெருநாள்.”

மதாமின் தட்டை மறுக்க அவரால் முடியவில்லை. வாங்கினார். தாளை வாசித்தார். சட்டைப்பையில் பேனை இருந்தது, அதில் மையும் இருந்திருக்கும். தாளை மடித்து என்னிடமே தந்தார்.

“நான் எழுதினதை நான் மாத்துவதில்லை.”

“மாத்த வேண்டாம் மிசியூ. தட்டை மட்டும் பிறகு திருப்பித் தாங்கோ.”

பன்னிரண்டில் ஏழு கையெழுத்தோடு மேலே ஏறினேன். நாலுக்குக் கால்மணி நேரம் இருந்தது. மூன்றாம் மாடி தாண்டும்போதே மணந்தது. உழுந்து வடை! எண்ணெய் கொதிக்கிற மணம் படிக்கட்டு முழுவதும் நிறைந்து நின்றது. ஜெரோன் வருகிற நேரம் பார்த்து!

எங்கள் ஊரில், சாப்பாட்டோடு வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். அண்ணை அந்த ஒழுங்கை மீறுகிற ஆளில்லை. கதவில் சட்டமும் இல்லாமல் போய்விட்டது. தோசைக்கு ஊறப்போட்டிருந்த உழுந்தை அரைத்து வடை சுட்டு, எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு மதாமின் நீலக்கரைத் தட்டில் அடுக்கி, மன்னார்க்காரன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

நான் ஐந்தாம் மாடிக்குள் நுழைந்தபோது தட்டு மேசையில் ஆவி பறக்க இருந்தது. அதைச் சுற்றி மூன்று கிழவிகளும் தாடிக்காரரும் ஒரு செத்தவீட்டு அமைதியோடு நின்றார்கள். மன்னார்க்காரன் நடுவில், பரிசு வாங்க வந்தவன்போல.

“எந்தச் சட்டியில் பொரித்தது?” என்று தாடிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

“எங்களிட்டை ஒரேயொரு சட்டிதான்” என்றான் மன்னார்க்காரன் பெருமையோடு. “இறைச்சி, மீன், றால், எல்லாம் அதுக்குள்ளைதான்.”

காஷேர் என்ற சொல்லை அன்றைக்குத்தான் கற்றேன். மதாம் கைக்கொள்ளுகிற யூதச் சாப்பாட்டு ஒழுங்கில் றால் விலக்கு, அது வெந்த சட்டியில் சுட்ட வடையையும் அவ தொட முடியாது. சூடாக வைத்தபடியால் தட்டும் அந்தக் குசினிக்கு இனி ஆகாது. தூனிஸிலிருந்து கொண்டுவந்த தட்டு. ஏழு கையெழுத்தை வாங்கிக் கொடுத்த ஒரே மனுசியின் மேசையை, பெருநாளன்றே, நாங்கள் கெடுத்துவிட்டோம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் பல்கனியால் குதித்து ஓடிவிட்டிருந்தது. “ஹாக் சமேயாஹ்” என்றேன்.

மதாம் தட்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. பிறகு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தும்புத்தடியில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினா.

“அனுப்பினதுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாங்கள்!” என்று சிநேகிதிகளுக்குச் சொன்னா. “ஒருத்தரும் சொல்லிக் குடுக்காமலே! பன்னிரண்டு வீட்டில எந்த வீட்டில இருந்து திரும்பி வந்தது?” பிறகு என்னிடம்: “இந்தத் தட்டு இனி உங்கடை. என்ரை அலுமாரிக்குள்ள அது வராது. வடையைச் சாப்பிட ஆள் வருகுது, கேக்குதா?”

படியில் யாரோ மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தார். ஜெரோன். தடித்த மனிதர், கையில் தோற்பை. ஐந்தாம் மாடியில் மூச்சு முடிந்துவிட்டது. மதாம் வாசலிலேயே அவரைப் பிடித்துக் கதிரையில் இருத்தினா. முதலாவது கடதாசியின் பிரதி அவருடைய பையில் இருந்தது. இரண்டாவதை மதாம் கையில் கொடுத்தா. மன்னார்க்காரன் நேரம் அறிந்து நீலக்கரைத் தட்டை நீட்டினான். ஜெரோன் இரண்டு கடதாசிகளையும் மாறிமாறி வாசித்துக்கொண்டே ஒரு வடையை எடுத்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவதைக் கையில் பிடித்தபடி, “இதுதான் இவர் எழுதியிருக்கிற மணமா?” என்று கேட்டார்.

“ஓம் மிசியூ” என்றேன்.

“ஆறாம் மாடியில் எத்தனை பேர்?”

இதற்குத்தான் நான் காலையில் இருந்து பாடமாக்கிக்கொண்டிருந்தேன். மூன்று, மிசியூ. மற்ற இரண்டு பேரும் புறநகர் வில்லியே லே பெல்லில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகிற சொந்தக்காரர். பிழையில்லாத வசனங்கள். மேலேயிருந்து இறங்கி வந்து கதவருகில் நின்ற அண்ணை, சொல்லு, சொல்லு என்று கண்ணைக் காட்டினார்.

“ஐந்து” என்றேன்.

அண்ணை என் காலை மிதித்தார். நான் சப்பாத்துப் போட்டிருந்தேன்.

“ஐந்து பேர். எல்லாருக்கும் ரெசெப்பிசே இருக்கு. எல்லாருக்கும் இதுதான் விலாசம்.”

ஜெரோன் எதையோ குறித்தார். மேலே வந்து இரண்டு அறைகளையும் பார்த்தார். பீலிப் பக்க யன்னலில் காலடி அடையாளத்தைப் பார்த்து, “இது என்ன?” என்றார். “அது வாசல்” என்றார் அண்ணை தமிழில், என்னைப் பார்த்து. நான் மொழிபெயர்க்கவில்லை. கடிதம் போடுவதாகச் சொல்லிவிட்டு ஜெரோன் போனார். படியில் அவர் கையில் இன்னொரு வடை இருந்தது.

கடிதம் வரும்வரை, அந்த இரண்டு கிழமையும் நான் சாப்பிட்ட மாதிரியும் இல்லை, நித்திரை கொண்ட மாதிரியும் இல்லை. ஐந்து என்று ஏன் சொன்னாய் என்று அண்ணை கேட்கும்போதெல்லாம், பூரிம் குடிவெறி என்று சொன்னேன். பேரீச்சம்பழத்தில் வெறிக்கிற முதல் ஆள் நீதான் என்றார்.

கடிதம் வந்தது. இருக்கலாம். யன்னலைத் திறந்து வைத்துச் சமைக்க வேண்டும். கிழமை முடிவதற்குள் தபால் பெட்டியில் ஐந்து பேரின் பெயரும் இருக்க வேண்டும்.

கடைசி வரியை மூன்றுதரம் வாசித்தேன். மற்ற நாலு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நான் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருக்கலாமாம், ஆனால் பெயரை எழுதி ஒட்ட வேண்டுமாம்.

சனிக்கிழமை காலை ஒரு அட்டைத் துண்டும் பேனையும் எடுத்துக்கொண்டு தனியாகக் கீழே இறங்கினேன். சாரத்தோடுதான். முதல் நாலு பெயரையும் எழுதினேன். எங்கள் பெயர்களுக்கு அந்தப் பெட்டி போதாது. ஒரு பெயர் விளிம்பில் முறிந்து அடுத்த வரிக்கு இறங்கியது. ஐந்தாவது என்னுடையது. கை நின்றது. வெளிக்கதவைப் பார்த்தேன். தெருவில் யாரோ பாணோடு போனார்கள். எழுதினேன். மற்ற நாலையும்விடப் பெரிய எழுத்தில் எழுதினேன், மிசியூவுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரிகிற மாதிரி.

முதலாம் மாடி மிசியூ தன் தட்டை மதாமுக்குத் திருப்பிக் கொடுத்திருந்தார். கழுவித் துடைத்து, வெறுமையாக.

அந்தக் கட்டடத்தில் நான் இன்னும் நாலு வருசம் இருந்தேன். ஒவ்வொரு பூரிமன்றும் அண்ணை வடை சுடுவார். நான் சாரத்தைக் கட்டிக்கொண்டு, நீலக்கரைத் தட்டோடு, குதியால் மிதித்து முதலாம் மாடிக்கு இறங்கி மணியை அடிப்பேன். அவர் வாங்குவார். அடுத்தநாள் காலை தட்டு எங்கள் தபால் பெட்டிக்கு மேலே, ஐந்து பெயர்களுக்கு மேலே, கழுவித் துடைத்து வெறுமையாக இருக்கும். அவர் ஒருமுறைகூட அதில் ஒரு பிடி சீனி போடவில்லை. நானும் ஒருமுறைகூட விடவில்லை.